மாடி ஏறினா வைஃபை கட் ஆகுதா? பெயர்லதான் இருக்கு விஷயம்!

பாலக்கோட்டில் ஒரு மாடி வீடு. பெங்களூரு கம்பெனியின் ஆன்லைன் இன்டர்வியூ. கீழே ஹால்ல டி.வி சத்தம்னு போனைக் கையில பிடிச்சபடி மாடி ஏறுறீங்க. நாலாவது படியில் முகம் உறைஞ்சு நிக்குது. "ஹலோ, கேட்குதா சார்?" மாடியிலும் ஒரு ரௌட்டர் இருக்கு. ஆனாலும் போன் கீழே இருக்கிற ரௌட்டரையே கட்டிப் பிடிச்சிட்டு இருக்கு. ஏன்?

கீழே 'வீடு', மாடியில் 'வீடு_மாடி'ன்னு ரெண்டு பெயர் வச்சிருப்பீங்க. போனைப் பொறுத்தவரை அது ரெண்டு தனித்தனி நெட்வொர்க். முதல் சிக்னல் கிட்டத்தட்ட சாகுற வரைக்கும் அடுத்ததுக்குத் தாவாது. தாவினாலும் புதுசா இணையும். அதுக்குள்ள கால் போயிடும்.

என்ன செய்யணும்?

ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு: ரெண்டு ரௌட்டரிலும் பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை (டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3) மூணும் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும். ஆங்கிலத்துல வச்சா பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினாலே அது வேற பெயர்.

தமிழ்ல பெயர் வைக்க ஆசையா? தாராளமா வைக்கலாம். ஆனா வைஃபை பெயருக்கு 32 பைட்தான் இடம். தமிழ்ல எழுத்து, கொம்பு, புள்ளி ஒவ்வொண்ணும் 3 பைட். 'தர்மபுரி' 24 பைட், அடங்கிடும். 'தர்மபுரி வீடு' 37 பைட், அடங்காது!

சேனல் மட்டும் வேற: 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒண்ணுக்கு 1, இன்னொண்ணுக்கு 6 அல்லது 11. ஒரே சேனல்ல ரெண்டும் இருந்தா, ஒண்ணு பேசும்போது இன்னொண்ணு காத்திருக்கணும்.

ஐ.பி கொடுக்குறது ஒருத்தர்தான்: பலரும் கோட்டை விடுறது இங்கேதான். மாடி ரௌட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' மோடுக்கு மாத்தி, கீழிருந்து லேன் கேபிள் இழுத்துக் கொடுங்க. அந்த மோடு இல்லைன்னா அதோட ஐ.பி முகவரியை மாத்தி, டி.ஹெச்.சி.பி-யை ஆஃப் பண்ணி, லேன் போர்ட்டுல கேபிளைச் சொருகுங்க. இல்லைன்னா மாடிக்குப் போனதும் போனோட ஐ.பி முகவரியே மாறிடும். பெயர் ஒண்ணா இருந்தும் கால் கட் ஆகும்.

பவரைக் குறைங்க: எப்போ தாவணும்னு முடிவு பண்றது ரௌட்டர் இல்லை, உங்க போன். ஐபோன், சிக்னல் மைனஸ் 70 டி.பி.எம்-க்குக் கீழே இறங்கினாத்தான் வேற இடம் தேடும். அதனால கீழ் ரௌட்டரோட 'டிரான்ஸ்மிட் பவர்' மீடியத்துல இருந்தா, போன் சீக்கிரம் மாடிக்கு மாறும். மெஷ் செட் வாங்கினவங்க 'ஃபாஸ்ட் ரோமிங்' (802.11ஆர்) ஆப்ஷனை ஆன் பண்ணிப் பாருங்க.

ரயில்வே ஸ்டேஷன்ல பார்த்ததுதான்!

இது புது வித்தை இல்லை. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் கூகுளும் ரயில்டெல்லும் இலவச வைஃபையைத் தொடங்கினாங்க. 2018-ல் அது 400 ஸ்டேஷன்களைத் தொட்டுச்சு. ஊர் மாறினாலும் 'ரயில்வயர்'னு அதே பெயர்தான்.

ஆனா இதுல ஒரு ஆபத்தும் இருக்கு. பாஸ்வேர்டு இல்லாத நெட்வொர்க்கின் பெயரை யார் வேணும்னாலும் தன் ரௌட்டருக்கு வச்சுக்கலாம். பெயர் ஒண்ணா இருக்கேன்னு உங்க போனும் தானா இணைஞ்சிடும். அதனால வெளியிடத்து வைஃபைகளுக்கு 'ஆட்டோ கனெக்ட்'டை ஆஃப் பண்ணுங்க. வீட்டு வைஃபைக்குக் கட்டாயம் பாஸ்வேர்டு போடுங்க.

கடைசியா ஒரு டெஸ்ட்

மொபைல் டேட்டாவை ஆஃப் பண்ணுங்க. இல்லைன்னா 4ஜி வந்து குறையை மறைச்சிடும். நண்பருக்கு வாட்ஸ்அப் வீடியோ கால் போட்டு, ஹால்ல இருந்து மொட்டை மாடி வரைக்கும் மெதுவா நடங்க. ஒரு நொடி தயங்கினா பரவாயில்லை. முழுசா நின்னுட்டா, டி.ஹெச்.சி.பி-யை மறுபடி பாருங்க.

இன்டர்வியூவுக்கு முந்தின நாளே இதைச் செஞ்சிடுங்க. நாலாவது படியில் நின்னு "ஹலோ... ஹலோ" சொல்ல வேண்டியிருக்காது!