பாட்டு நாட்டையே ஆட்டியது, இசைத்தட்டு கைநழுவியது!

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போனவர்களின் பிள்ளைகள் ஐந்து பேர். 1966-ல் அமெரிக்கா முழுவதையும் தங்கள் பாட்டைக் கேட்க வைத்தார்கள். ஆனால் பாட்டு பதிவான இசைத்தட்டின் உரிமை அவர்கள் கையில் தங்கவில்லை.

மிச்சிகன் மாநிலத்தில் சாகினா, பே சிட்டி என்று இரண்டு ஊர்கள். சுற்றிலும் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயல்கள். ஊருக்குள் மோட்டார் தொழிற்சாலைகள். இந்த வேலைகளை நம்பி டெக்சாஸ் பக்கமிருந்து மெக்சிகோ வம்சாவளியினர் பலர் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார்கள். அப்படிப்பட்ட குடும்பங்களில் வளர்ந்தவர்களே இந்த வாலிபர்கள்.

பெயர் கேள்விக்குறி!

குழுவின் பெயர் 'கொஸ்டின் மார்க் அண்ட் தி மிஸ்டீரியன்ஸ்'. 1957-ல் வந்த ஜப்பானிய விஞ்ஞானப் படம் ஒன்றின் பெயரிலிருந்து எடுத்தது. பாடகர் ரூடி மார்ட்டினெஸ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டார். பெயர் கேட்டால் 'கேள்விக்குறி' என்பார். செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்தவன் என்றும் சொல்லிக்கொள்வார்! கிட்டார் வாசித்த பாபி பால்டெர்ராமாவும், ஆர்கன் வாசித்த பிராங்க் ரோட்ரிகசும் பள்ளிக்கூட வயதுப் பையன்கள்.

வீட்டில் கார் நிறுத்தும் கொட்டகையில் பழகிய இத்தகைய குழுக்களின் இசைக்குப் பின்னாளில் 'கராஜ் ராக்' என்று பெயர் வந்தது. பெரிய சங்கீதப் பயிற்சி தேவையில்லை. உரத்த தாளமும், மனதில் உள்ளதைக் கொட்டும் வேகமும் போதும்.

வீட்டு ஸ்டூடியோ

பே சிட்டியில் ஒரு வீட்டை ஒட்டிய சிறிய ஸ்டூடியோவில் '96 டியர்ஸ்' என்ற பாட்டைப் பதிவு செய்தார்கள். கைவிட்டுப் போன காதலியை, நீயும் ஒரு நாள் அழுவாய் என்று ஏசும் பாட்டு. முதலில் அடித்தது சில நூறு தட்டுகளே. உள்ளூர் ரேடியோக்கள் ஒலிபரப்பின. கேட்டவர்கள் மறுபடியும் கேட்டார்கள். பிறகு கேமியோ-பார்க்வே கம்பெனி அதை வாங்கி நாடெங்கும் வெளியிட்டது. 1966 அக்டோபர் கடைசியில் பில்போர்டு பட்டியலில் முதலிடம்! 10 லட்சம் தட்டுகளுக்கு மேல் விற்பனை!

அடுத்த பாட்டுகள் அந்த உயரத்தைத் தொடவில்லை. 1967-ல் கம்பெனி ஆலன் கிளைன் என்பவர் கைக்கு மாறியது. பழைய பதிவுகளின் உரிமையும் கூடவே போயிற்று. குறுந்தட்டுக் காலம் வந்தும் அந்தப் பதிவுகள் வெளிவரவில்லை. பொறுத்துப் பார்த்தவர்கள் 1997-ல் தங்கள் பழைய பாட்டுகளைத் தாங்களே மறுபடி பாடிப் பதிவு செய்தார்கள். அசல் பதிவு 2005-ல்தான் குறுந்தட்டில் வந்தது.

எரியாமல் நின்றது

இதற்கிடையே பாட்டு ஊர் சுற்றிக்கொண்டே இருந்தது. 1967-லேயே புகழ்பெற்ற பாடகி அரீத்தா பிராங்க்ளின் அதைப் பாடிவிட்டார். 1971-ல் டேவ் மார்ஷ் என்ற விமர்சகர் இவர்களைப் பற்றி எழுதும்போதுதான் 'பங்க் ராக்' என்ற சொல்லைக் கையாண்டார். பின்னால் ஓர் இசை வகைக்கே அது பெயராயிற்று.

2007-ல் மார்ட்டினெசின் வீடு தீப்பிடித்தது. சேர்த்து வைத்திருந்த நினைவுப் பொருள்கள் சாம்பலாயின. அதன் பிறகும் அவர் கறுப்புக் கண்ணாடியோடு மேடை ஏறினார். அதே பாட்டைப் பாடினார்.

உரிமைப் பத்திரம் யார் பெட்டியில் இருந்தால் என்ன? பாடியவர் யார் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும்.