கசிவது ஒன்று, காரணம் இன்னொன்று

பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்களில் என்விடிஏ இலவசமானது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கியது, தமிழிலும் வாசிக்கும். விண்டோஸின் பட்டியல் பெட்டி ஒன்றிலிருந்து ஒரே ஒரு வரியை இப்படி வாசிக்க, திரைக்குப் பின்னால் நிறைய வேலை நடக்க வேண்டும்.

ஒரு புரோகிராமின் மெமரி முகவரி இன்னொன்றுக்குள் செல்லாது. அதனால் வாசிக்கும் மென்பொருள், பட்டியலை வைத்திருக்கும் புரோகிராமுக்குள்ளேயே விர்ச்சுவல்அலாக்எக்ஸ் கட்டளையால் சிறிது இடம் ஒதுக்கி, விடையை அங்கே எழுதச் சொல்கிறது. எழுதியதை நகலெடுத்துக்கொண்டபின் அந்த இடத்தை விடுவிக்க வேண்டும். விடுவிக்காவிட்டால், வீங்குவது தவறு செய்த புரோகிராம் அல்ல, பட்டியலை வைத்திருந்த அப்பாவி. டாஸ்க் மேனேஜரும் அதையே காட்டிக்கொடுக்கும்.

கேட்டது 100 பைட்டாக இருந்தாலும் விண்டோஸ் 4 கிலோபைட் தரும். முகவரியில் 64 கிலோபைட்டை அடைத்துக்கொள்ளும். 32 பிட் புரோகிராமுக்கு வழக்கமாகக் கிடைக்கும் முகவரிவெளி 2 ஜிபி. 32,768 முறை விடுவிக்காமல் விட்டால் அது முழுதும் தீர்ந்துபோகும். செலவான மெமரியோ 128 எம்பிதான்! கீழ்நோக்கும் அம்புக்குறியை அழுத்தியழுத்தியே நாள் முழுக்க வேலை பார்ப்பவருக்கு இது எட்டாத எண்ணிக்கை அல்ல. திரையைப் பார்க்க முடியாத ஒருவருக்கு, எழுதிக்கொண்டிருந்த புரோகிராம் திடீரென விழுவது சாதாரணத் தொந்தரவும் அல்ல.

கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனை உண்டு. சந்தேகப்படும் மென்பொருளை மூடுங்கள். சாதாரணக் கசிவென்றால் மெமரி உடனே திரும்பிவிடும். இங்கே திரும்பாது, வீங்கிய புரோகிராமை மூடினால்தான் திரும்பும். விஎம்மேப் கருவியில் அந்தப் புரோகிராமைத் திறந்தால், ஒரே அளவுள்ள சின்னச் சின்னத் துண்டுகள் வரிசையாக நிற்கும். அவற்றின் பதினாறடிமான முகவரிகள் எல்லாம் 0000 என்று முடியும்.

விடுவிக்கும் கட்டளையை எழுதியிருந்தும் கசிவதுண்டு. அந்தக் கட்டளையான விர்ச்சுவல்ஃப்ரீஎக்ஸில் முழு விடுவிப்பு கேட்கும்போது அளவு 0 என்றே கொடுக்க வேண்டும். ஒதுக்கிய அளவைப் பொறுப்பாக எழுதினால் கட்டளை பிழை எண் 87-உடன் தோற்கும். திருப்பி வரும் மதிப்பைச் சோதிக்காதவருக்கு அது தெரியவே தெரியாது. பாதி வழியில் பிழை வந்து வெளியேறும் நிரல்வரிகளும் இன்னொரு ஓட்டை. என்விடிஏவின் நிரல் பைத்தானில் உள்ளது. விடுவிக்கும் வரியை ஃபைனலி பகுதிக்குள் வைத்து, அளவு 0 கொடுக்கும் முறையை அதில் பார்க்கலாம். எந்த வழியாக வெளியேறினாலும் அந்த வரி ஓடியே தீரும்.

ஒரே ஓரிடத்தில் மட்டும் அவசரப்பட்டு விடுவிக்கக் கூடாது. பட்டியலை வைத்திருக்கும் புரோகிராம் உறைந்து நிற்க, நாம் காத்திருந்து சலித்து இடத்தை விடுவித்துவிட்டோம் என்று வையுங்கள். அது பிறகு விழித்துக்கொண்டு, இல்லாத இடத்தில் விடையை எழுதப்போய் விழுந்துவிடலாம். அப்போது அந்தத் துண்டைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்தப் புரோகிராம் மறுபடி பதில் சொல்லத் தொடங்கிய பிறகு விடுவிப்பதே சரி; அதுவரை 4 கிலோபைட் கசிந்தால் கசியட்டும்.