லேமினேட்டரில் பிறக்கும் மின்சுற்று

கண்ணாடி இழையும் எப்பாக்சிப் பிசினும் சேர்ந்த 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையின் மேல், 35 மைக்ரான் தடிமனில் செப்புத் தகட்டை ஒட்டி, மின்சாரம் ஓடவேண்டிய கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மீதிச் செம்பை ஃபெரிக் குளோரைடு போன்ற கரைசலில் அரித்தெடுத்தால் கிடைப்பதே பிசிபி எனப்படும் மின்சுற்றுப் பலகை. வியன்னாவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய பால் ஐஸ்லர் 1936 வாக்கில் ஒரு வானொலிப் பெட்டிக்காக அச்சிட்ட மின்சுற்றை உருவாக்கினார். ஒரே ஒரு பலகை வேண்டுவோருக்கு ஆலையை நாடுவது கட்டுபடியாகாது என்பதால், வீட்டிலேயே செய்துகொள்ளும் வழிகள் பின்னாளில் பெருகின.

அவற்றுள் எளியது டோனர் முறை. லேசர் அச்சுப்பொறியின் கருந்தூளான டோனர் உண்மையில் ஒரு பிளாஸ்டிக் என்பதால், வழவழப்பான தாளில் அச்சிட்ட மின்சுற்றைச் செம்பின் மேல் கவிழ்த்துச் சூடேற்றினால் அது உருகி ஒட்டிக்கொள்ளும். தாளை நீரில் ஊறவைத்து உரித்தபின், டோனர் மூடிய செம்பைக் கரைசல் தீண்டாது. இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்போரும் உண்டு. ஆனால் கையின் அழுத்தம் இடத்துக்கு இடம் மாறுவதால் மெல்லிய கோடுகள் சிதைகின்றன. சீரான அழுத்தம் தரும் லேமினேட்டர் இயந்திரமோ வடசென்னையின் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலுள்ள ஜெராக்ஸ் கடைகளில் மதிப்பெண் சான்றிதழ்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த லேமினேட்டர் சில நூறு மைக்ரான் கனத்துக்காகவே அமைக்கப்பட்டது. பலகையோ அதைவிடப் பல மடங்கு தடித்தது, செம்போ வெப்பத்தை விரைந்து கடத்திவிடுவது. எனவே ரோலர்களை நெருக்கும் ஸ்பிரிங்கைத் தளர்த்தியோ தாங்கிகளை உயர்த்தியோ இடைவெளியை அகலப்படுத்த வேண்டும். வெப்பத்தைக் கூட்டுவதில்தான் பலரும் முதலில் கைவைக்கின்றனர். குறிப்பிட்ட சூட்டில் மின்னிணைப்பைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட்டுக்குப் பதிலாக, வெப்ப உணரியும் கட்டுப்படுத்தியும் பொருத்துவது வழக்கம்; ஆயினும் வேகத்தைக் குறைப்பதே மேலான வழி, ஏனெனில் மெதுவாகச் செல்லும் பலகை குறைந்த சூட்டிலேயே முழுதும் சூடேறிவிடும், மிகைச் சூட்டால் பிசின் இளகுவதும் ரப்பர் ரோலர் கெடுவதும் நேராது. இங்கே ஒரு சிக்கல் உண்டு: பல லேமினேட்டர்களில் உள்ள சிங்க்ரனஸ் மோட்டாரின் வேகத்தை மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் தீர்மானிப்பதால், மின்னழுத்தத்தைக் குறைத்து அதை மெதுவாக்க இயலாது, குறைந்த சுற்றுகள் கொண்ட கியர் மோட்டாரைப் பொருத்தவேண்டும், அல்லது பலகையைப் பலமுறை உள்ளே செலுத்தவேண்டும். சூடு கட்டுமீறும்போது மின்சாரத்தை அறுக்கும் வெப்ப உருகியை மட்டும் எக்காரணம் கொண்டும் நீக்கலாகாது.

இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரையோரத்தில் இன்னொரு கவனமும் தேவைப்படுகிறது. உப்புக் காற்றும் ஈரப்பதமும் ஆலைப் புகையும் சேர்ந்து செம்பின் மேற்பரப்பை விரைவில் கறுக்கச் செய்வதால், பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்துக் கழுவி உலர்த்திய கையோடு பலகையை ரோலருக்குள் செலுத்தாவிட்டால் டோனர் சரிவரப் பற்றாது. மின்னணுப் பொருட்கள் விற்கும் ரிச்சி தெருவில் வாங்கிவந்த செப்புப் பலகையை நெகிழித்தாளில் சுற்றியே வைத்திருப்பது நல்லது.

அரித்து முடித்த கரைசல்தான் இப்பகுதியில் பெரிய கேள்வி. அதில் கரைந்திருக்கும் செம்பு சிறு அளவிலேயே மீன்குஞ்சுக்கும் இறாலுக்கும் நஞ்சு. பக்கிங்காம் கால்வாயில் கலந்தால் அது சேருமிடம் எண்ணூர்க் கழிமுகம். அனல்மின் நிலையச் சாம்பலையும், 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் பரவிய எண்ணெயையும் அப்பகுதி நீர்ப்பரப்பு ஏற்கெனவே கண்டுவிட்டது. ஒரே கரைசலைப் பிளாஸ்டிக் பாட்டிலில் வைத்துப் பலமுறை பயன்படுத்தலாம். வீரியம் தீர்ந்தபின், காற்றோட்டமுள்ள இடத்தில் இரும்பு நாரை அதிலிட்டால் செம்பு பிரிந்து படியும். பிறகு சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அமிலத்தை முறித்து, அடியில் தங்கும் சேற்றை வடிகட்டி உலர்த்தி, சிமெண்டில் கலந்து கட்டியாக்கிவிடுவது வீட்டளவில் கைக்கொள்ளும் முறை. கும்மிடிப்பூண்டியின் அபாயக் கழிவுச் சேகரிப்பு மையம் ஆலைகளை நோக்கி அமைந்தது. ஒரு பாட்டிலோடு அங்கே போய் நிற்க யாராலும் ஆகாது.