வளையல் இறுகும் கை

மார்பகப் புற்றுநோய்க்குச் சஸ்திர சிகிச்சையும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் முடிந்து, புற்று மருந்துகளால் உதிர்ந்த தலைமயிர் மீண்டும் முளைத்து, 'பிழைத்துவிட்டாள்' என்று உற்றாரெல்லாம் ஆறுதல் கொண்டிருக்கும் வேளையில், ஒரு நாள் காலை, ரவிக்கையின் கை ஒரு பக்கம் மட்டும் இறுக்குவதையும், நேற்றுவரை மணிக்கட்டில் தளர்ந்து புரண்ட வளையல் தோலில் தடம் பதித்திருப்பதையும் அந்தப் பெண் காண்கிறாள். பெரும்பாலும் வலி இராது. ஏதோ ஒரு பாரம் மட்டுமே. விரலால் அழுத்தினால் விழும் குழி, மெல்ல மெல்லத்தான் நிரம்புகிறது.

இரத்த நாளங்களிலிருந்து கசிந்து சதையினூடே தங்கும் நீரைத் திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பவை நிணநீர் நாளங்கள். கையிலிருந்து வரும் நாளங்கள் அக்குளிலுள்ள கணுக்களின் வழியே செல்கின்றன. மார்பகப் புற்று பரவத் தொடங்கினால் பெரும்பாலும் முதலில் தங்குவதும் அங்கேதான். ஆகவே உயிரைக் காக்க வேண்டி வைத்தியர் அக்கணுக்களை நீக்குகிறார். கதிர்வீச்சு எஞ்சிய வழிகளையும் தழும்பாக்கக்கூடும். வடிகால் தூர்ந்த வயலில் நீர் தேங்குவதுபோலக் கையில் நீர் தேங்குகிறது. சிகிச்சை முடிந்த சில மாதங்களிலும் வரலாம். பல வருஷங்கள் கழித்தும் வரலாம். அக்குள் கணுக்களைப் பெருமளவில் நீக்கிக்கொண்டவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இது நேர்கிறது. மார்பகத்து நிணநீர் முதலில் சென்றடையும் கணுவை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை வந்தபின், அம்முறையோடு நின்றவர்களிடையே இருபதில் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது.

அமெரிக்க சஸ்திர வைத்தியர் ஹால்ஸ்டெட் 1921-இல் இவ்வீக்கத்தைப் பற்றி எழுதுகையில், சஸ்திர சிகிச்சையால் விளைந்த யானைக்கால் என்ற பொருளிலேயே அதற்குப் பெயரிட்டார். யானைக்கால் என்றதும் நம் ஊரில் கொசுவும் அருவருப்பும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. நிணநீரின் பாதை கெடுவது இரண்டுக்கும் பொதுவே. ஆனால் இங்கே கிருமியும் இல்லை, கொசுவும் இல்லை, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் இல்லை. அந்தக் கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போகாமல் ஒதுங்கும் நிலைக்கு எந்தப் பெண்ணையும் நாம் ஆளாக்கலாகாது.

இதைவிடப் பெரிய அநீதி ஒன்றும் நெடுங்காலம் நடந்தது. 'அந்தக் கையால் பாரம் தூக்காதே' என்று சொல்லிச் சொல்லியே, தண்ணீர்க் குடத்தையும் பேரக்குழந்தையையும் அவளிடமிருந்து பிரித்துவிட்டார்கள். காத்ரின் ஷ்மிட்ஸும் அவர் சகாக்களும் கைவீக்கமுள்ள 141 பெண்களை ஓராண்டு ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவு இதற்கு மாறானது: தக்கவர் மேற்பார்வையில், சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே எடை தூக்கிப் பழகியவர்களுக்கு வீக்கம் அதிகரிக்கவில்லை, உபத்திரவம் முற்றுவதும் குறைந்தது.

அடியோடு தீர்க்கும் மருந்து இதற்கு இல்லை என்றாலும், கட்டுக்குள் வைக்க வழி உண்டு. பயின்றவர் கையால் மென்மையாக நீவிவிடுவது, அளவெடுத்த அழுத்த உறை அணிவது, தோல் வெடிக்காமல் எண்ணெய் தடவுவது ஆகியவை தினசரிக் கடமைகள். அரிவாள்மணைக் கீறலைக்கூட உடனே கழுவிக் கவனிக்க வேண்டும். கை சிவந்து சூடேறிக் காய்ச்சலும் கண்டால் அன்றே வைத்தியரிடம் போய்விட வேண்டும்.

சஸ்திர சிகிச்சைக்குப் போகுமுன், தையல் நாடாவால் இரு கைகளையும் மணிக்கட்டிலும், முழங்கைக்கு மேலும் கீழும் அளந்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மாதம் ஒரு முறை அதே இடங்களில் அளந்து பாருங்கள். அளவு மாறினாலும், அளவு மாறாமல் பாரம் மட்டும் தோன்றினாலும், தாமதியாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.