இரத்தப் புற்றுநோயும் ஒரு கணக்கும்

1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாயிற்று. அதை எழுதியவர்கள் அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் சிட்னி ஃபார்பரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆவர். கடும் இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு ஒரு புதிய மருந்து கொடுக்கப்பட்டது. அவர்களில் 10 பேருக்கு நோய் தணிந்தது. ஆனால் கட்டுரைத் தலைப்பின் முதற் சொல்லே ‘தற்காலிக’ என்பதுதான். சில மாதங்களில் நோய் திரும்பி வந்தது, குழந்தைகள் இறந்தனர்.

இன்று மருத்துவ வசதி மிகுந்த நாடுகளில், குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் கடும் இரத்தப் புற்றுநோய் வகையில் 10 பேருக்கு ஏறத்தாழ 9 பேர் பிழைக்கின்றனர். ‘தற்காலிகம்’ என்ற அந்தச் சொல் எவ்வாறு நீங்கியது? புதிய மருந்துகள் கிடைத்தது ஒரு காரணம். நீங்கள் பள்ளியில் கற்கும் பெருக்கல் கணக்கு மற்றொரு காரணம்.

இது என்ன நோய்?

நம் எலும்புகளின் உள்ளே மஜ்ஜை இருக்கிறது. இரத்தத்தின் சிவப்பணுக்கள், வெள்ளணுக்கள், தட்டணுக்கள் ஆகிய மூன்றும் அங்குதான் உற்பத்தியாகின்றன. சிவப்பணுக்கள் மட்டுமே ஒரு நொடிக்கு 20 லட்சத்துக்கு மேல் உருவாகின்றன. இரத்தப் புற்றுநோயில், முதிர்ச்சி பெறாத ஒரு வகை வெள்ளணு கட்டுப்பாடின்றிப் பெருகி மஜ்ஜையை அடைத்துக் கொள்கிறது. சிவப்பணுக்கள் குறைவதால் உடல் வெளிறுகிறது. தட்டணுக்கள் குறைவதால் இரத்தம் கசிகிறது. நோயை எதிர்க்கும் நல்ல வெள்ளணுக்கள் குறைவதால் சாதாரணக் கிருமியும் உயிரைக் குடிக்கிறது.

பிற புற்றுநோய்களில் கட்டியை அறுத்து எடுக்கலாம். உடலெங்கும் ஓடும் இரத்தத்தை எங்கே அறுப்பது? 1947 வரை இந்நோய் கண்ட குழந்தைகள் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறந்து போயினர்.

இலையில் இருந்த வைட்டமின்

இங்கு நம் நாட்டுக்கு வருவோம். 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவப் பெண்மணி, கருவுற்ற பெண்களிடையே காணப்பட்ட ஒருவகை இரத்தசோகையை ஆராயப் பம்பாய்க்கு வந்தார். ஈஸ்ட்டின் சாற்றைக் கொடுத்தால் அந்தச் சோகை குணமாவதை அவர் கண்டறிந்து 1931-இல் வெளியிட்டார். அந்தச் சாற்றில் ஏதோ ஒரு பொருள் இரத்த அணுக்கள் உற்பத்தியாக உதவுகிறது என்பது தெளிவாயிற்று. 1941-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் அத்தகைய ஒரு பொருளைப் பசலைக் கீரையிலிருந்து பிரித்து, ‘ஃபோலிக் அமிலம்’ என்று பெயரிட்டனர். லத்தீன் மொழியில் ‘ஃபோலியம்’ என்றால் இலை.

இந்த வைட்டமினை ஆராய்ச்சிக் கூடத்தில் செயற்கையாகத் தயாரித்த பெருமை அமெரிக்காவின் லெடர்லி ஆராய்ச்சிக் கூடத்துக்கு உரியது. அங்கு ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்தின் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் அமெரிக்கா சென்றவர் அவர். இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறையை ஃபிஸ்கே என்பவருடன் சேர்ந்து கண்டவரும் அவரே.

போலிச் சாவி

ஃபோலிக் அமிலத்துக்கு நெருங்கிய ஒரு பொருளை ஃபார்பர் முதலில் இரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணிவதற்குப் பதிலாக விரைவதாக அவருக்குத் தோன்றியது. ஏமாற்றமான இந்த முடிவிலிருந்து அவர் ஒரு புதிய வினாவை எழுப்பினார்: இந்த வைட்டமின் புற்றுநோய்ச் செல்களுக்கு உணவு போல உதவுகிறது என்றால், அது கிடைக்காமல் தடுத்தால் என்ன?

ஒரு செல் இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்க வேண்டும். அதற்கு வேண்டிய மூலப்பொருள்களைத் தயாரிக்க ஃபோலிக் அமிலம் தேவை. ஒரு நொதி அதைப் பயன்படும் வடிவுக்கு மாற்றித் தருகிறது. நொதியைப் பூட்டு என்றும் ஃபோலிக் அமிலத்தைச் சாவி என்றும் வைத்துக் கொள்ளுங்கள். சுப்பாராவின் குழுவினர் ஃபோலிக் அமில மூலக்கூறில் ஓரிடத்தில் உள்ள ஆக்சிஜன் தொகுதியை நீக்கிவிட்டு, அங்கே நைட்ரஜன் உள்ள அமினோ தொகுதியை வைத்தனர். இந்தப் போலிச் சாவி பூட்டினுள் நுழையும். ஆனால் திறக்காது, எளிதில் வெளியேயும் வராது. பூட்டு பயனற்றுப் போகும். செல் பிரிய முடியாமல் மடியும். இதுவே அமினாப்டெரின் என்னும் மருந்து. 1947-இன் இறுதியில் ஃபார்பரின் கைக்கு இது வந்து சேர்ந்தது. முன்பு சொன்ன 16 குழந்தைகளுக்குக் கொடுக்கப்பட்டது இந்த மருந்துதான்.

கட்டுரை வெளிவந்து இரண்டு மாதங்கள் கடந்த சில நாள்களில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் தம் 53-ஆம் வயதில் காலமானார். அமினாப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்ஸேட் விரைவில் அதன் இடத்தைப் பிடித்தது. இன்றும் அது பயன்பட்டு வருகிறது.

எலிகள் சொன்ன கணக்கு

நோய் ஏன் திரும்பி வந்தது? இதற்கு விடை தேடியவர்களுள் முக்கியமானவர் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த ஹோவர்ட் ஸ்கிப்பர். சுண்டெலிகளுக்கு இரத்தப் புற்றுநோய்ச் செல்களைச் செலுத்தி, மருந்து கொடுத்து, எத்தனை செல்கள் எஞ்சுகின்றன என்று அவர் கணக்கிட்டார். 1964-இல் அவருடைய குழுவினர் இரண்டு முடிவுகளை வெளியிட்டனர்.

முதலாவது, உயிருள்ள ஒரே ஒரு புற்றுநோய்ச் செல்கூடப் பெருகி எலியைக் கொன்றுவிடக்கூடும். இரண்டாவது, ஒரு குறிப்பிட்ட அளவு மருந்து கொல்வது இத்தனை செல்கள் என்ற எண்ணிக்கையை அன்று. இத்தனை சதவீதம் என்ற விகிதத்தையே. செல்கள் நிறைய இருந்தாலும் குறைவாக இருந்தாலும் அந்த விகிதம் மாறாது.

இதன் பொருளை ஓர் உதாரணத்தால் காண்போம். நோய் முற்றிய ஒரு குழந்தையின் உடலில் சுமார் 1 லட்சம் கோடி புற்றுநோய்ச் செல்கள் இருக்கும். ஒரு தவணை மருந்து 99.9 சதவீதத்தைக் கொல்வதாகக் கொள்வோம். எஞ்சுபவை 100 கோடி. உடல் முழுவதும் சிதறிக் கிடக்கும் இந்த 100 கோடியை நுண்ணோக்கியால் கண்டுபிடிப்பது அரிது. காய்ச்சல் நின்றுவிடும். முகத்தில் இரத்தம் ஊறும். குழந்தை ஓடி விளையாடும். நோய் போய்விட்டது என்றே எல்லோரும் எண்ணுவர்.

மருந்தை இப்போது நிறுத்தினால் என்ன ஆகும்? செல்கள் 5 நாளைக்கு ஒரு முறை இருமடங்காகின்றன என்று வைத்துக் கொள்ளுங்கள். 10 முறை இருமடங்கானால் 1024 மடங்கு. அதாவது 50 நாள்களில் பழைய 1 லட்சம் கோடி திரும்பி வந்துவிடும். மாறாக, மருந்தைத் தொடர்ந்தால் 100 கோடி 10 லட்சமாகும், 10 லட்சம் ஆயிரமாகும், ஆயிரம் ஒன்றாகும். கடைசி ஒன்றும் மடியும் வரை நிறுத்தக் கூடாது. உண்மையான உடலில் எல்லாம் இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. ஆயினும், நோய் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகுதான் சிகிச்சையின் பெரும்பகுதி தொடங்குகிறது என்ற உண்மையை இந்தக் கணக்கு எடுத்துக் காட்டியது.

ஒன்றுக்கு நான்கு

இன்னொரு தொல்லையும் இருந்தது. கோடிக்கணக்கான செல்களில் சில, மருந்துக்கு அடங்காதவையாக இருக்கும். 10 லட்சம் செல்களில் ஒன்று அப்படி இருப்பதாகக் கொண்டால், 1 லட்சம் கோடியில் 10 லட்சம் செல்கள் அடங்காதவை. மற்றவை மடிந்தாலும் இவை பெருகும். ஆனால் வெவ்வேறு வழியில் வேலை செய்யும் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால்? இரண்டுக்கும் அடங்காத செல், 10 லட்சத்தை 10 லட்சத்தால் பெருக்கினால் வரும் 1 லட்சம் கோடியில் ஒன்றுதான். மூன்றாவது மருந்தையும் சேர்த்தால் அந்த ஒன்றும் தப்புவது கடினம். காசநோய்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதும் இதே காரணத்தால்தான்.

இதற்குள் வேறு மருந்துகளும் கிடைத்திருந்தன. ஜெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கிய மெர்காப்டோப்யூரின் 1953-இல் நோயாளிகளுக்கு வந்தது. டி.என்.ஏ.வின் உறுப்பு ஒன்றைப் போல நடித்து ஏமாற்றுவது இது. பிரட்னிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தும் இருந்தது.

நான்காவது மருந்தின் தாய்ச்செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் வீட்டுத் தோட்டங்களிலும் தரிசு நிலங்களிலும் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பூக்கும் நித்தியகல்யாணிதான் அது. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வதுண்டு. நீரிழிவுக்கு இது நல்லது என்று ஜமைக்காத் தீவில் நம்பினர். அதைச் சோதிக்க, கனடா நாட்டு விஞ்ஞானிகள் நோபிளும் பீரும் இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்தனர். இரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன! அந்த வழியில் தொடர்ந்த ஆராய்ச்சிகளால் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற இரு மருந்துகள் கிடைத்தன. செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் கதிர்கோல் இழைகளை இவை உருவாகாமல் தடுக்கின்றன.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரைக் என்ற இரு மருத்துவர்கள் 1960-களின் தொடக்கத்தில் வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்ஸேட், மெர்காப்டோப்யூரின், பிரட்னிசோன் ஆகிய நான்கையும் சேர்த்துக் கொடுத்தனர். நான்கு நஞ்சுகளை ஒன்றாகக் குழந்தைக்குக் கொடுப்பதா என்று பலர் எதிர்த்தனர். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. இம்மருந்துகள் விரைவாகப் பிரியும் எந்தச் செல்லையும் தாக்கும். முடி உதிர்வதும், வாய்ப்புண் வருவதும், மஜ்ஜை வற்றுவதும் அதனால்தான். ஆனால் நான்கும் ஒரே உறுப்பைத் தாக்குபவை அல்ல. வின்கிரிஸ்டின் நரம்புகளைத் துன்புறுத்தும்; மஜ்ஜையை அதிகம் தொடாது. எனவே தாங்கக்கூடிய அளவில் நான்கையும் சேர்க்க முடிந்தது. இரத்தக் கசிவால் சாவு நேராதிருக்கத் தட்டணுக்களைப் பிரித்து ஏற்றும் முறையையும் ஃப்ரைரைக் பயன்படுத்தினார்.

எந்த முறை சிறந்தது என்பதை மருத்துவரின் மனம் முடிவு செய்யக் கூடாது என்பதிலும் இக்கழகத்தார் உறுதியாக இருந்தனர். 1950-களிலேயே நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒவ்வொரு முறையைக் கொடுத்து ஒப்பிட்டனர். மருந்து ஆராய்ச்சியின் நேர்மைக்கு இம்முறை இன்றும் அடிப்படையாக விளங்குகிறது.

ஒளிந்திருந்த செல்கள்

நான்கு மருந்துகளாலும் பெரும்பாலான குழந்தைகளின் இரத்தம் தூய்மையாயிற்று. ஆயினும் பலருக்குச் சில மாதங்களில் தலைவலியும் வாந்தியும் தோன்றின. புற்றுநோய்ச் செல்கள் மூளையைச் சுற்றியுள்ள நீரில் பெருகியிருந்தன! இரத்தத்திலிருந்து மூளைக்கு எல்லாப் பொருள்களும் செல்ல முடியாதபடி இயற்கை ஒரு தடுப்பை அமைத்திருக்கிறது. நஞ்சைத் தடுக்கும் அந்தச் சுவர் மருந்தையும் தடுத்துவிட்டது.

மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆராய்ச்சி மருத்துவமனையில் டாக்டர் டொனால்ட் பிங்கல் இதற்கு வழி கண்டார். அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்தார். முதுகுத்தண்டு நீருக்குள் மெத்தோட்ரெக்ஸேட்டை ஊசி மூலம் செலுத்தினார். பிறகு 2 அல்லது 3 ஆண்டுகள் மருந்தைத் தொடர்ந்தார். 1967-68-இல் இம்முறையில் சிகிச்சை பெற்ற 35 குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் திரும்பவே இல்லை. 20 ஆண்டுகளுக்குப் பிறகு ‘தற்காலிக’ என்ற சொல்லை மருத்துவர்கள் அழிக்கத் தொடங்கினர்.

வெற்றிக்கு விலையும் இருந்தது. தலைக்குக் கதிர்வீச்சு பெற்ற குழந்தைகளில் சிலருக்குப் பின்னாளில் படிப்பும் வளர்ச்சியும் பாதிக்கப்பட்டன. எனவே அதைப் படிப்படியாகக் குறைத்தனர். இன்று பெரும்பாலான குழந்தைகளுக்குத் தண்டுநீரில் செலுத்தும் மருந்தே போதுமானதாக இருக்கிறது.

நம் நாட்டில்

1970-களில் இந்தியாவின் சிறந்த புற்றுநோய் மருத்துவமனைகளில்கூட இந்நோயிலிருந்து மீண்டவர்கள் குறைவு. 1980-களில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையமும், பம்பாய் டாடா நினைவு மருத்துவமனையும், டில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகமும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்துடன் சேர்ந்து ஒரே சிகிச்சைத் திட்டத்தை மேற்கொண்டன. முன்பு, 4 ஆண்டுகள் கழிந்தும் நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் 20 சதவீதத்துக்கும் குறைவு. புதிய திட்டத்தில் அது 45 முதல் 60 சதவீதமாக உயர்ந்தது. மருந்துகளோடு, கிருமித் தொற்றைத் தடுப்பதிலும் இரத்தம் ஏற்றுவதிலும் ஏற்பட்ட முன்னேற்றமும் இதற்குக் காரணமாகும்.

மேலை நாடுகளுக்கும் நமக்கும் உள்ள இடைவெளிக்குப் பல காரணங்கள் உண்டு. நோய் முற்றிய பின் மருத்துவமனைக்கு வருவது ஒன்று. சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடுவது மற்றொன்று. தொலைவிலுள்ள நகரத்துக்கு 2 ஆண்டுகளுக்கு மேல் வந்து போவது கூலி வேலை செய்யும் பெற்றோருக்கு எளிதன்று. முதல் மாத முடிவில் குழந்தை நன்றாகச் சாப்பிட்டு விளையாடுவதைப் பார்க்கும்போது, இனி மருந்து எதற்கு என்று தோன்றுவதும் இயல்பே.

அந்த நேரத்தில்தான் 100 கோடி என்ற கணக்கை யாரேனும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நூறு கோடிச் செல்களும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பதும், கடைசிச் செல் வரை மருந்து தேவை என்பதும் மருத்துவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. உங்கள் தெருவிலோ உறவிலோ இத்தகைய குழந்தை ஒன்று இருக்குமானால், இந்தப் பெருக்கல் கணக்கை அந்த வீட்டாருக்கு நீங்களே விளக்கிச் சொல்லலாம்.