காலண்டர் ஓரம் கோணலா? அரை மில்லிமீட்டரை நம்பியிருக்கும் சிவகாசி கட்டிங் மெஷின்

சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்க. படத்துக்குக் கீழே இருக்கும் வெள்ளை ஓரம் ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் ஒடுங்கியும் இருக்கா? ஆணியைக் குறை சொல்ல வேண்டாம். அச்சு சரியாக வந்திருந்தாலும், கடைசியில் வெட்டும்போது கோணல் விழுந்திருக்கலாம்.

ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசி அச்சகங்களின் வழக்கம். அதன் பிறகு சீசன்தான். சிவகாசியிலும், 2021-ல் அந்த மாநகராட்சியோடு இணைந்த திருத்தங்கலிலும் காலண்டர், டைரி, பட்டாசு லேபிள் என எது அச்சானாலும் கட்டிங் மெஷினைத் தாண்டித்தான் வெளியே போகணும்.

மெஷின் வேலை செய்யும் விதம் சிம்பிள். பேப்பர் கட்டைத் தட்டிச் சமப்படுத்தி, பின்பக்கத் தடுப்போடும் பக்கச் சுவரோடும் ஒட்டி வைப்பார்கள். கிளாம்ப் இறங்கி அமுக்கும். கத்தி இறங்கும். அந்தப் பின்பக்கத் தடுப்புக்குப் பெயர் பேக் கேஜ். கத்தியிலிருந்து அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அதுதான் தாளின் அளவு. கேஜின் ஒரு முனை கத்திக்கு அரை மில்லிமீட்டர் நெருங்கியிருந்தால், தாளும் அந்தப் பக்கம் அரை மில்லிமீட்டர் குறையும். ஒரு கட்டு முழுக்க அதே கோணல்!

ஸ்கேல் வைத்துப் பார்த்தால் இது கண்ணில் படாது. அதற்குத்தான் புரட்டிப் பார்க்கும் முறை. பத்துப் பதினைந்து வேஸ்ட் தாளை வெட்டுங்க. பாதியை மட்டும் இடது வலமாகப் புரட்டி மீதிப் பாதி மேல் வைத்து, கேஜில் ஒட்டியிருந்த விளிம்புகளைச் சேர்த்துத் தட்டுங்க. இப்போது வெட்டிய விளிம்பில் விரலை ஓட்டினால், ஒரு முனையில் மேல் பாதி நீட்டிக்கொண்டிருக்கும், மறுமுனையில் உள்வாங்கியிருக்கும். விரலுக்கே படிக்கட்டு மாதிரி தெரியும். படி இல்லையென்றால் கேஜ் நேர்தான். இருந்தால், மெஷினை ஆஃப் செய்துவிட்டு, கேஜின் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவைத் துளித்துளியாகத் திருப்பி மறுபடி வெட்டிப் பார்க்கணும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். பெரிய கட்டை வெட்டும்போது மேல் தாளுக்கும் அடித் தாளுக்கும் நீளம் மாறினால், கேஜைத் தொடாதீங்க. கத்தி மழுங்கியிருக்கும், அல்லது கிளாம்ப் போதுமான அளவு அமுக்கவில்லை. இது தெரியாமல் ஸ்க்ரூவைத் திருகினால், நேராக இருந்த கேஜும் கெட்டுப்போகும்.

மரப்பட்டறை டேபிள் ரம்பத்திலும் இதே கணக்குதான். பலகையை ஒட்டித் தள்ளும் தடுப்பு, பிளேடின் பின்பக்கம் நெருங்கியிருந்தால் பலகை சிக்கி ஆளை நோக்கி எகிறும். பேப்பரில் அப்படி எகிறாது. ஆபத்து வேறு இடத்தில். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் கத்தி இறங்கும் என்ற ஏற்பாடு விரலைக் காப்பாற்றத்தான். சீசன் அவசரத்தில் ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கி வைப்பது எந்த ஆர்டருக்கும் தகாது.

கனமான அட்டைக் கட்டை வேகமாக இடித்துத் தள்ளினால் கேஜ் மெல்ல மெல்ல விலகும். அப்படி வேலை ஓடிய மறுநாள் காலையில் ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிடலாம். பத்து வேஸ்ட் தாள் போகும், அவ்வளவுதான்.