முகமூடிக்குள் அப்பா: ஸ்கூபி-டூவைத் திரும்ப எழுதிய கதை

பேய் வரும். நாலு பசங்களும் ஒரு நாயும் தலைதெறிக்க ஓடுவாங்க. கடைசியில் முகமூடியைக் கழற்றினால் உள்ளே யாரோ ஒரு பணத்தாசை பிடித்த ஆசாமி. ஸ்கூபி-டூ பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் அறிமுகம் வேண்டாம். போன வாரப் பேய் பொய் என்று தெரிந்தும் இந்த வாரம் மறுபடி பயப்படுவோம், அதுதான் வேடிக்கை.

இந்தச் சூத்திரம் ஒரு நெருக்கடியில் பிறந்தது. 1960-களின் கடைசியில், சனிக்கிழமை காலை கார்ட்டூன்களில் அடிதடி அதிகம் என்று அமெரிக்கப் பெற்றோர்கள் சத்தம் போட்டார்கள். சிபிஎஸ் தொலைக்காட்சியின் ஃப்ரெட் சில்வர்மன் சண்டையில்லாத தொடர் ஒன்றைத் தேடினார். ஜோ ரூபியும் கென் ஸ்பியர்ஸும் எழுத, இவாவோ டக்கமோட்டோ பாத்திரங்களை வடிவமைத்தார். முதல் வடிவம் குழந்தைகளுக்கு ரொம்பப் பயங்கரம் என்று மேலிடம் தள்ளிவிட, நாயை முன்னுக்குக் கொண்டுவந்து காமெடியைக் கூட்டினார்கள். ஹன்னா-பார்பெரா தயாரிப்பில் 1969 செப்டம்பர் 13 அன்று ஒளிபரப்பானது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எங்கள் தொழிலில் பார்க்கிற சமாச்சாரம். ஓடுகிற பழைய கோடை யாரும் தொட மாட்டோம், மேலே ஒட்டுப் போடுவோம். 1979-ல் ஸ்கிராப்பி என்று ஒரு குட்டி நாய் (அதைப் பிடிக்காதவர்கள் இன்னிக்கும் திட்டுகிறார்கள்). 1988-ல் எல்லோரையும் சின்னப் பிள்ளைகளாக்கினார்கள். 1998-ல் 'ஸோம்பி ஐலண்ட்' படத்தில் பேயை நிஜமாக்கினார்கள்.

கோடைத் திறந்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவர்கள் 2010-ல்தான் வந்தார்கள் என்பது என் கட்சி. 'மிஸ்டரி இன்கார்ப்பரேட்டட்', 2013 வரை 52 பகுதிகள். (இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிடலாம், முடிச்சை அவிழ்க்கப் போகிறேன்.)

அவர்கள் கேட்டது ரொம்பச் சாதாரணமான கேள்வி. வாரம் ஒருத்தர் பேய் வேஷம் போடுகிற ஊர் எப்படிப்பட்ட ஊராக இருக்கும்? பதில்: கிரிஸ்டல் கோவ். அந்த ஊர் பிழைப்பே பேய்தான். பேயைப் பார்க்க சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், கடைகளில் வியாபாரம் நடக்கிறது. வெல்மாவின் பெற்றோர் பேய் அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். அதனால் பசங்க பேயைப் பிடித்தால் மேயருக்கும் ஷெரிஃபுக்கும் சந்தோஷம் இல்லை, எரிச்சல். உண்மையைக் கண்டுபிடிப்பது ஊருக்கு நஷ்டம்!

பழைய தொடரில் முகமூடிக்குள் இருந்தவர் நமக்கு யாரோ. அரை மணி நேரத்தில் மறந்துவிடலாம். இங்கே முதல் சீசனின் முடிவில் பெரிய வில்லனின் முகமூடியைக் கழற்றினால் மேயர். ஃப்ரெடின் அப்பா. அதோடு போகவில்லை, அவர் பெற்ற அப்பாவும் இல்லை என்று தெரிகிறது. பொறி வைப்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லாத காமெடிப் பையனாகத்தான் அதுவரை ஃப்ரெடைக் காட்டியிருந்தார்கள். அந்தக் காட்சிக்குப் பிறகு அவனைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. சூத்திரத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை பாருங்க. துப்பு, பொறி, முகமூடி எல்லாம் அதேதான். தெரிந்த முகத்தை உள்ளே வைத்தார்கள், அவ்ளோதான்.

குறை இல்லாமல் இல்லை. இரண்டாவது சீசன் போகப்போக நிஜமான ஒரு தீய சக்தியிடம் கதையை ஒப்படைக்கிறது. ஊரார் செய்த தப்புக்கெல்லாம் அதுதான் காரணம் என்று ஆகும்போது, பேராசையின் பழி மனுஷனை விட்டு நழுவிவிடுகிறது. எனக்கு அது ஏமாற்றம்தான்.

2023-ல் வந்த 'வெல்மா' வேறு வழியில் போனது. பெரியவர்களுக்கான தொடர், அதில் ஸ்கூபியே கிடையாது. இரண்டு சீசனோடு நிறுத்திவிட்டார்கள். பழையதைக் கிண்டல் செய்வதற்கும் பழையதை யோசித்துப் பார்ப்பதற்கும் உள்ள தூரம் இந்த இரண்டு தொடரையும் அடுத்தடுத்துப் பார்த்தால் தெரியும்.

ஒரு சின்ன விஷயம். 1969-லிருந்து பல வருஷம் ஷாகிக்குக் குரல் கொடுத்தவர் கேஸி கேஸம். 2010 தொடரில் ஷாகியாகப் பேசுவது மேத்யூ லில்லார்ட். கேஸம் அதிலும் இருக்கிறார், பிள்ளையை நினைத்துக் கவலைப்படுகிற ஷாகியின் அப்பாவாக.